முதல் டர்ட் பைக்: தாளில்லாத ஆர்.எக்ஸா, நின்றுபோன இம்பல்ஸா?

கேள்வி: 2025 ஜூலை 6

திருவொற்றியூரில் வசிக்கிறேன், மணலியில் ஷிப்ட் வேலை. மண்ணில் ஓட்டக்கூடிய பழைய வண்டி ஒன்றை வாங்கி, நானே பழுது பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. வியாசர்பாடியில் ஒருவர், யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியின் மட்கார்டை வெட்டி, பட்டன் டயர் போட்டு, டர்ட் பைக் என்று 35,000 ரூபாய் சொல்கிறார். ஆர்.சி. இல்லை. "மண்ணில் ஓட்டுவதற்கு எதற்குத் தாள்?" என்கிறார். மாதவரத்தில் இன்னொருவரிடம் 2012ஆம் ஆண்டு ஹீரோ இம்பல்ஸ் இருக்கிறது. ஆர்.சி. உண்டு, ஆனால் பல மாதங்களாக ஓடாமல் நிற்கிறது. 42,000 கேட்கிறார். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாத நான் எதை வாங்குவது? அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

பதில்: ஜூலை 6, இரவு

இம்பல்ஸை வாங்குங்கள். வியாசர்பாடி வண்டியைப் பார்க்கவே போக வேண்டாம்.

தாள் எதற்கு என்று கேட்பவரிடம், அவர் வீட்டு வாசலிலிருந்து மண் இருக்கும் இடம் வரைக்கும் வண்டி எப்படிப் போகும் என்று திருப்பிக் கேளுங்கள். ஜி.என்.டி. சாலையில் ஏறிய உடனே அது பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனம். காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் என்பது சிறிய தொல்லைதான். யாரையாவது இடித்துவிட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும். அதோடு, ஆர்.எக்ஸ். 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை மட்டுமே தயாரான வண்டி. தேடி அலைபவர்கள் இன்றைக்கும் ஏராளம். தாள் சுத்தமாக உள்ள ஆர்.எக்ஸை எவரும் மட்கார்டை வெட்டி 35,000க்குத் தரமாட்டார். தாள் ஏன் இல்லை என்பதற்கு விற்பவர் சொல்லும் கதை எதுவாக இருந்தாலும், ஒரு நாள் காவல் நிலையத்தில் அந்தக் கதையைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இம்பல்ஸைப் பார்க்கப் போகுமுன் மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டு, பதிவு எப்போது முடிகிறது, காப்பீடு உயிரோடு இருக்கிறதா, கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கடன் இருந்தால் அது தீர்ந்தது என்ற நிதி நிறுவனத்தின் கடிதமும் படிவம் 35உம் கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 இரண்டும் வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். "கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிறேன், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்" என்பவரை நம்பாமல், அவரையும் கூட்டிக்கொண்டே வேலையை முடியுங்கள். வண்டியின் கழுத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள்.

2012 வண்டி என்பதால் 15 ஆண்டுப் பதிவு 2027இல் முடியும். அப்போது பரிசோதனைக்குக் காட்டி ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து இரு சக்கர வண்டிக்கு அந்தக் கட்டணம் 1,000 ரூபாய். விலை பேசும்போது இதைச் சொல்லிக் குறைக்கலாம்.

ஜூலை 8

இம்பல்ஸ் டர்ட் பைக்கே அல்ல என்று கொளத்தூர் நண்பர் எழுதியிருக்கிறார். இலக்கணப்படி அவர் சொல்வது சரி. பந்தயத்துக்கென்றே செய்த வண்டிக்கு விளக்கும் கிடையாது, பதிவு எண்ணும் கிடையாது. கவாசாகி கே.எக்ஸ். வகையை இங்கே வாங்குபவர் அதை வேறொரு வண்டியில் ஏற்றித்தான் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதன் எஞ்சின் பராமரிப்பை ஓடிய மணிக்கணக்கில் குறித்துவைப்பார்கள். பிஸ்டனுக்கே மணிக்கணக்கு உண்டு. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவருக்கு அது வைத்தியச் செலவு ஓயாத வண்டி.

இம்பல்ஸ் 2011இல் வந்தது. 149 சிசி, சுமார் 13 குதிரைத் திறன், 134 கிலோ. பிரேசிலில் ஓடிய ஹோண்டா என்.எக்ஸ்.ஆர். 150 பிராஸின் வழி வந்த உடல் அது. விற்பனை சூடுபிடிக்காமல் சில ஆண்டுகளில் நின்றுபோனது. ஆனால் எஞ்சின், ஹீரோவின் ஹங்க், சி.பி.இசட். எக்ஸ்ட்ரீம் வண்டிகளின் எஞ்சின் குடும்பம். தண்டையார்பேட்டையில் எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். முன் டயர் 90/90-19, பழைய கிளாசிக் 350 புல்லட்டின் முன் டயர் அளவு. ஆகவே அதற்கும் அலைச்சல் இல்லை. கிடைக்காதவை பிளாஸ்டிக் பாகங்கள். பழைய வண்டி வாங்கும் ஆரம்பக்காரரைத் தோற்கடிப்பது எஞ்சின் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் தாளும், துருவும், கிடைக்காத பாகமும்தான் வண்டியை மூலையில் நிற்கவைக்கின்றன.

ஜூலை 12

வண்டியைப் பார்க்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனெனில் நான் இம்பல்ஸ் வாங்கியபோது இதைச் சொல்ல ஆள் இல்லை.

வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எளிதில் ஸ்டார்ட் ஆகாது என்பதை அவரே காட்டிக்கொடுத்துவிட்டார் என்று பொருள். ஸ்டார்ட் ஆனவுடன் சற்று நீலப்புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல்; அது சிறிய வேலை. ஓடும்போதும் விடாமல் நீலப்புகை தள்ளினால் ரிங், பிஸ்டன், சிலிண்டர் போர் என்று பட்டறை வரைக்கும் போக வேண்டியிருக்கும். அதற்கு ஏற்ப விலையைக் குறையுங்கள்.

அடுத்து, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க். ரப்பர் உறையை மேலே தூக்கிவிட்டு, பளபளக்கும் ஃபோர்க் பைப்பின் மேல் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழே மெல்ல இழுங்கள். நகம் எங்கேயாவது தடுக்கினால் அங்கே குரோம் பூச்சு வெடித்துத் துருப்புள்ளி விழுந்திருக்கிறது. கண்ணுக்கு அது மிளகளவு கூடத் தெரியாது. ஆனால் ஃபோர்க் அமுங்கி எழும் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளியின் விளிம்பு ஆயில் சீலின் உதட்டை அறுக்கும். புதுச் சீல் போட்டும் மறுபடி எண்ணெய் ஒழுகுகிறதே என்று புலம்புபவர்களில் பலர் சீலைத்தான் மாற்றியிருப்பார்கள், பைப்பைப் பார்த்திருக்கமாட்டார்கள். காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் இது மிகச் சாதாரணம். மாதவரம் கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பதால் பிழைத்திருக்கலாம்.

நடு ஸ்டாண்டோ கட்டையோ கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் இடமும் வலமும் தள்ளுங்கள். நட்டநடுவில் ஒரு சிறு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பேரிங், அதாவது கோன் செட், போய்விட்டது. பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி, ஆட்டம் சக்கர பேரிங்கில் வருகிறதா, அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷில் வருகிறதா என்று கவனியுங்கள். ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால், இறுகியது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மொட்டையாகச் சத்தம் தரும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதை மறக்காமல் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் மூழ்காத இரு சக்கர வண்டியை எண்ணிவிடலாம். வெளியே பாலிஷ் போட்டு மறைத்துவிடுவார்கள். ஹெட்லைட் கிண்ணத்துக்குள் படிந்த வண்டலை யாரும் துடைப்பதில்லை. சீட்டுக்குக் கீழே உள்ள ஒயர் கப்ளர் ஒன்றைப் பிரித்தால், தண்ணீர் பார்த்த வண்டியில் செம்பு பச்சை பூத்திருக்கும். எஞ்சின் எண்ணெய் டீக்கடைப் பால் டீயின் நிறத்தில் இருந்தால் விலையே பேசாமல் திரும்பிவிடுங்கள். எர்ணாவூர்ப் பக்கத்து வண்டி என்றால் கூடுதலாக ஒரு கேள்வி: அந்த வெள்ளத்தில் கச்சா எண்ணெய்க் கழிவும் கலந்து வீடுகளுக்குள் வந்தது. ரப்பர் புஷ்களும் உறைகளும் எண்ணெயில் ஊறினால் உப்பித் தொளதொளத்துவிடும்.

ஜூலை 13

ஒரு பத்தி விட்டுப்போனது: சைலன்சரை வெட்டியிருந்தால் அசல் சைலன்சர் எங்கே என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2027இல் பரிசோதனைக்குப் போகும்போது வெட்டிய சைலன்சரோடு நிற்க முடியாது. வழியில் பிடித்தால், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம் போகும்.

ஜூலை 20

சோழவரத்தில் முன்பு நடந்த பந்தயங்களைப் பற்றிப் பெரியவர் ஒருவர் இங்கே எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். இன்றைய பிள்ளைகளுக்குச் சோழவரம் என்றால் ஏரிதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது என்றால் நம்பமாட்டார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தபின் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. வடக்கே இருந்தது மேற்கே போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். ஆனால் அது தார்த்தடம், நாம் பேசுவது மண்.

ஆகஸ்டு 24

மாதவரம் இம்பல்ஸை 37,000க்கு முடித்துவிட்டதாகக் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். பதிவுப் புதுப்பிப்புச் செலவையும் ஃபோர்க் பைப்பில் தடுக்கிய நகத்தையும் சொல்லியே 5,000 இறக்கியிருக்கிறார். நல்ல பேரம்.

ஆர்.எக்ஸ். வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 20 ஆண்டு தாண்டிய வண்டிகளின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு இந்த மாதம் உயர்த்தியிருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு இனி 2,000 ரூபாய். நான் ஜூலையில் எழுதிய 1,000 ரூபாய், 15 முடிந்து 20 தாண்டாத இம்பல்ஸ் போன்ற வண்டிகளுக்கு அப்படியே நிற்கிறது.

ஆகஸ்டு 30

முதலில் எதைப் பிரிப்பது என்கிறார் தம்பி. எஞ்சினைத் தவிர எதை வேண்டுமானாலும். பல மாதம் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கார்பரேட்டரும் பெட்ரோலும்.

இப்போது பங்க்கில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அது தெரியாது. மழைக்காலம் முழுக்க நின்ற டாங்கில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். கார்பரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். என் வண்டியில் மேலே வெளிறிய பெட்ரோல், அடியில் பழுப்பாக ஒரு விரற்கடை நீர், அதில் டாங்கின் துருத்தூள் மிதந்துகொண்டிருந்தது. பெட்ரோல் முழுவதையும் வடித்து, டாங்கைக் கழுவி, பழைய பெட்ரோல் குழாயை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.

கார்பரேட்டரைப் பிரிக்கும்போது இரண்டே எச்சரிக்கை. பெட்ரோல் போகும் பித்தளை ஜெட்டின் துளைக்குள் இரும்புக் கம்பி விடாதீர்கள். துளை அகன்றால் அந்த ஜெட் குப்பைக்குத்தான். ஒயரின் ஒற்றைச் செம்பு இழை போதும், பிறகு காற்றடித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம். மேல் மூடிக்குக் கீழே மெல்லிய ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். கார்பரேட்டர் ஸ்பிரே பட்டால் அது உப்பிவிடும், மறுபடி அதன் இடத்தில் உட்காராது. அதைத் தனியே எடுத்து, வெறும் துணியால் துடைத்து, ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுங்கள். எஞ்சின் பக்கமூடியின் போல்ட்டுகள் ஒரே நீளமாக இருக்காது. அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே அட்டையில் குத்தி வைத்தால் மாறிப்போகாது. ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து மூடுங்கள். கார்பரேட்டரும் ஃபோர்க்கும் பிரேக்கும் ஒன்றாகத் தரையில் கிடக்கும் வண்டிகள்தான் கடைசியில் கிலோ கணக்கில் புதுப்பேட்டைக் காயலான் கடைக்குப் போகின்றன.

செப்டம்பர் 14

இனி ஃபோர்க் பைப். நகம் தடுக்கிய இடம் சீல் ஓடும் பகுதிக்கு மேலே இருந்தால் விட்டுவிடலாம். ஓடும் பகுதியிலேயே ஒன்றிரண்டு புள்ளிகள் என்றால், மிக நுண்ணிய தண்ணீர் எமரியால் விளிம்பை மழுக்கி, அரால்டைட் வைத்து நிரப்பி, காய்ந்ததும் மறுபடி தேய்த்துச் சமன் செய்வது உண்டு. என் வண்டியின் இடதுபக்க ஃபோர்க் இன்றும் அப்படித்தான் ஓடுகிறது. புள்ளிகள் கூட்டமாக இருந்தால் அந்த வைத்தியம் பலிக்காது. பழைய குரோமை நீக்கி ஹார்டு குரோம் ஏற்றி கிரைண்டிங் செய்து தரும் பட்டறைக்குக் கொடுங்கள், அல்லது வேறு பைப் தேடுங்கள். வேறு பைப் வாங்கினால், தட்டையான கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டி, அடியில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது வளைந்தது. விற்பவர் "பெண்ட் எடுத்துத் தருகிறேன்" என்றாலும் வாங்காதீர்கள்.

செப்டம்பர் 21

ஆர்.எக்ஸைப் பற்றி நான் கடுமையாக எழுதிவிட்டதாகப் பெரம்பூர் நண்பருக்குக் கோபம். யோசித்துப் பார்த்தேன். தாள் சுத்தமான, வெட்டுப்படாத ஆர்.எக்ஸ். கிடைத்து, எஞ்சின் வேலை கற்பதுதான் நோக்கம் என்றால், அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. டூ-ஸ்ட்ரோக் என்பதால் ஹெட்டில் வால்வு இல்லை, டைமிங் செயின் இல்லை. ஹெட்டையும் பிளாக்கையும் ஒரு மாலைப்பொழுதில் இறக்கி ஏற்றிவிடலாம். கிராங்க் ஓரத்து ஆயில் சீல் காற்று இழுத்தால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்பதை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். ஆனால் அந்தச் சேஸிஸும் குட்டையான ஷாக்அப்சரும் தார்ச்சாலைக்குச் செய்தவை. அதைப் பள்ளத்தில் குதிக்கவிட்டு, கழுத்துப் பகுதியில் வெல்டிங் விட்டுப்போன பின் என்னிடம் வராதீர்கள்.

அக்டோபர் 5

உடைந்த முன் மட்கார்டைக் காசிமேட்டில் படகுக்கு ஃபைபர் ஒட்டுபவரிடம் கொடுக்கலாமா என்கிறார் தம்பி. முதலில் மட்கார்டின் உட்புறம் பாருங்கள். பொருளின் பெயரைச் சுருக்கி அச்சில் பதித்திருப்பார்கள். பி.பி. என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், ஃபைபரை ஒட்டும் ரெசின் அதன்மேல் ஒட்டாது. ஒட்டியதுபோல் இருந்து முதல் பள்ளத்தில் தோலாக உரியும். அதே வகைப் பிளாஸ்டிக் துண்டை வைத்துச் சூட்டில் உருக்கி இணைப்பதுதான் வழி. ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்காக இருந்தால் ரெசினும் பிடிக்கும். படகுக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டியது வேறொன்று: உப்புத் தண்ணீரில் கரையாத கிரீஸ். ஸ்விங் ஆர்ம் அச்சு, சக்கர அச்சு, கோன் செட் மூன்றிலும் அதைத் தடவி மாட்டினால், அடுத்த முறை சுத்தியல் தூக்க வேண்டியிராது.

அக்டோபர் 12

எங்கே ஓட்டுவது என்பதில் ஆளுக்கொரு யோசனை வந்திருக்கிறது. சிலவற்றுக்கு நான் உடன்படமாட்டேன். அனல்மின் நிலையச் சாம்பல் குளங்களின் ஓரம் படத்தில் பார்க்கப் பாலைவனமாக இருக்கலாம். அந்தத் தூள் ஏர் ஃபில்டரையும் அடைக்கும், நுரையீரலையும் அடைக்கும். அந்த ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் அதோடு போராடுகிறார்கள், நாம் அங்கே போய்த் தூசி கிளப்பி விளையாடுவது அசிங்கம். கடற்கரை மணலும் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை அது. புழல், சோழவரம் ஏரிகள் ஊருக்குக் குடிநீர் தருபவை, வற்றிக் கிடந்தாலும் உள்ளே இறங்கக் கூடாது.

நான் மீஞ்சூர் தாண்டி, தெரிந்தவர் ஒருவரின் அறுவடை முடிந்த கொல்லையில் கேட்டுவிட்டு ஓட்டுகிறேன். ஆரம்பக்காரருக்கு அதற்குமேல் இடம் தேவையில்லை. எழுந்து நின்று ஓட்டவும், பின் சக்கரம் வழுக்கும்போது பதறாமல் இருக்கவும் பழகினால் போதும். போகும் வழியில் பொன்னேரி நெடுஞ்சாலையில் மழை பெய்தால், பட்டன் டயர் ஈரத் தாரில் பிரேக் பிடிக்காது என்பதை நினைவில் வைத்து, கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அக்டோபர் 26

செயின் தொளதொளவென்று இருப்பதாகத் தோன்றி இறுக்கிவிட்டதாகத் தம்பி எழுதியிருக்கிறார். தளர்த்துங்கள். பின்பக்கம் இவ்வளவு நீளமாக ஏறி இறங்கும் வண்டியில், முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். ஸ்டாண்டில் நிற்கும்போது சரியாகத் தெரியும் இறுக்கம், ஆள் ஏறிப் பள்ளத்தில் இறங்கியதும் ஸ்பிராக்கெட் பேரிங்கைப் பிடுங்கும். இரண்டு பேரை வண்டியில் உட்காரவைத்து, அந்த மூன்றும் நேர்கோட்டில் வரும்போது சற்றே தளர்வு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள்.

அக்டோபர் 27

ஃபோர்க் எண்ணெய் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டுமா என்கிறார். ஆம், ஃபோர்க்கின் இரண்டு காலிலும் ஒரே உயரம்தான். எவ்வளவு ஊற்றினீர்கள் என்ற கணக்கு போதாது, ஏனெனில் ஒரு காலில் பழைய எண்ணெய் கொஞ்சம் தங்கியிருக்கும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க் காலை அடிவரை அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை ஸ்கேல் விட்டு அளந்து, கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள்.